ஆக்டோபஸ் கூட்டுக்கு எந்த இரை வைப்பது?

ஆக்டோபஸ் பிடிக்கக் கடலடியில் இறக்கும் பொறிதான் ஆக்டோபஸ் கூடு. அதைப் போடக் கற்றுக்கொள்ளும் எவரும் முதலில் கேட்பது, "எந்த இரை வைக்கலாம்?" என்பதைத்தான். ஒரே சொல்லில் பதில் வேண்டுமென்றால், நண்டு. அந்தப் பதில் சரியானதுதான். ஆனால் நண்டு ஏன் வேலை செய்கிறது என்று தெரியாமல் நண்டை வைப்பவர், நண்டு கிடைக்காத நாளில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். நண்டு வைத்தும் கூடு காலியாக வரும்போது எதை மாற்றுவது என்றும் அவருக்குத் தெரியாது. இரை என்பது கூட்டுக்குள் போடும் சாப்பாடு என்று மட்டும் நினைத்தால் இப்படித்தான் ஆகும். அது தண்ணீருக்குள் அனுப்புகிற ஒரு செய்தி. யாருக்கு, எவ்வளவு தூரத்துக்கு, எத்தனை மணி நேரத்துக்கு என்பதைப் பொறுத்துத்தான் எந்த இரை என்பது முடிவாகும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது.

இரை தேவைதானா?

மீனவர் பேச்சில் பேய்க்கணவாய் எனப்படும் ஆக்டோபஸுக்கு ஓடும் இல்லை, எலும்பும் இல்லை. உடம்பில் கெட்டியான பாகம் கிளி மூக்கு போன்ற அதன் அலகு மட்டும்தான். கடலில் அதைத் தின்ன நிறைய உயிர்கள் உண்டு. அதனால் ஒளிந்துகொள்ள ஒரு பொந்து அதற்கு உணவைப் போலவே அவசியம். இந்தத் தேவையை மட்டுமே நம்பி நடக்கும் மீன்பிடிப்பு ஒன்று பழங்காலம் தொட்டு இருக்கிறது. வாய் திறந்த பானைகளை ஒரு நீளக் கயிற்றில் வரிசையாகக் கட்டிக் கடலடியில் இறக்கிவிடுவார்கள். இரையும் கிடையாது, கதவும் கிடையாது. ஆக்டோபஸ் தானாக வந்து குடியேறும். பானையைத் தூக்கினால் வெளியே ஓடுவதை விட்டு உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

ஜப்பானில் இந்தப் பானைக்கு தாக்கோட்சுபோ என்று பெயர். அங்கே ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய யாயோய் காலத்து மண்பானைகளே அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. கடும் மன அதிர்ச்சியால் இதயத்தின் இடது கீழறை ஒரு பக்கம் உப்பிப்போகும் நோய்க்கு 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் இந்தப் பானையின் பெயரைத்தான் வைத்தார்கள். படத்தில் பார்த்தால் வடிவம் அப்படியே இருக்கும். போர்ச்சுகலின் தென்கரையான அல்கார்வேயில் இரை இல்லாத பானைகளும் இரை வைத்த கம்பிவலைக் கூடுகளும் பக்கத்துப் பக்கத்தில் புழக்கத்தில் உள்ளன. இரண்டும் பிடிப்பது ஒரே இனத்தை. அழைக்கும் விதம்தான் வேறு. பானை வீடு தேடும் ஆக்டோபஸை அழைக்கிறது, கூடு பசித்த ஆக்டோபஸை அழைக்கிறது.

புதியவர்கள் இந்த வேறுபாட்டை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. முதலாவது, இடம். மணலும் சேறுமாக இருக்கும் தரையில் பொந்துகள் அரிது. அங்கே வெறும் பானையே போதுமான கவர்ச்சி. இரைக்குச் செலவழிப்பது பல நேரம் வீண். பாறையும் பாருமாக, எங்கு பார்த்தாலும் இடுக்குகள் நிறைந்த தரையில் இன்னொரு பொந்துக்கு மதிப்பில்லை. அங்கே இரைதான் பேச வேண்டும்.

இரண்டாவது, பருவம். ஆக்டோபஸ் பெண் முட்டையிடுவது வாழ்நாளில் ஒரே முறை. 'சாதாரண ஆக்டோபஸ்' (ஆக்டோபஸ் வல்காரிஸ்) என்ற இனம் லட்சக்கணக்கில் முட்டைகள் இடும். பிறகு பொந்தை விட்டு நகராமல், பொதுவாக எதையும் தின்னாமல், முட்டைகளின் மேல் தண்ணீரை ஊதி அவற்றைச் சுத்தமாக வைத்துக்கொண்டு காவல் இருக்கும். குஞ்சு பொரிந்ததும் தாய் இறந்துவிடும். அந்தத் தாய்க்கு இரை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் முட்டையிட இடம் தேடும்போது பானைக்குள் வந்து சேருவாள். முட்டைப் பருவத்தில் பானை தாய்களை எடுக்கும், இரைக் கூடு பெரும்பாலும் எடுக்காது. மெக்சிகோவின் யுகாத்தான் கரையில் மூங்கில் கழிகளை நீட்டிய சிறு படகுகளை நீரோட்டத்தோடு மிதக்கவிட்டு, கயிற்றில் நண்டைக் கட்டி, முள்ளே இல்லாமல் ஆக்டோபஸ் பிடிக்கிறார்கள். நண்டைக் கட்டிப்பிடித்த ஆக்டோபஸ் விடாமல் மேலே வந்துவிடும். அடைகாக்கும் தாய் அந்த நண்டைச் சீண்டுவதில்லை. அந்த முறையை இனத்துக்கு ஏற்றது என்று சொல்வதற்கு இதுவே பெரிய காரணம். அது போதாதென்று, ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை மட்டுமே அங்கு அனுமதி. மீதிக் காலம் தடை.

சரி, உங்கள் இடத்துக்கு இரைக் கூடுதான் என்று முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

தூரத்திலிருந்து அழைப்பது

எங்கோ ஒரு பாறையிடுக்கில் இருக்கும் ஆக்டோபஸுக்குக் கூடு தெரியாது. அதற்கு எட்டுவது தண்ணீரில் கரைந்து வரும் வாசம் மட்டுமே. இறைச்சியில் இருக்கும் அமினோ அமிலங்கள் போன்ற சிறு மூலக்கூறுகள் நீரில் கரைந்து, நீரோட்டம் போகும் திசையில் புகை போல நீண்டு செல்லும். கடற்காரர்கள் நீவாடு என்பார்களே, அதுதான் இந்தச் செய்தியைச் சுமந்து போகும் தபால்காரர். நீவாடு செத்துக் கிடந்தால் வாசம் கூட்டைச் சுற்றியே தேங்கும். மிக வேகமாக ஓடினால் நீர்த்துப்போகும். எந்தப் பக்கத்திலிருந்து ஓடுகிறது என்பதும் முக்கியம்: கூட்டுக்கு மேல்நீரோட்டத்தில் இருக்கும் பாறைகளுக்கு எந்தச் செய்தியும் போவதில்லை. ஆகவே ஆக்டோபஸ் இருக்கும் பாறைக்கு மேல்நீரோட்டத்தில் கூட்டை இறக்க வேண்டும். விலையுயர்ந்த இரையைத் தவறான பக்கத்தில் இறக்குவதைவிட, சாதாரண இரையைச் சரியான பக்கத்தில் இறக்குவது நல்லது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வெட்டிய இரையிலிருந்து இந்தக் கரையும் பொருள்கள் வெளியேறுவது முதல் சில மணி நேரத்தில்தான் மிக அதிகம். அதன்பின் வேகமாகக் குறையும். வெதுவெதுப்பான தண்ணீரில் இன்னும் சீக்கிரம். மறுநாள் கூட்டைத் தூக்கும்போது மீன் துண்டு முழுசாக இருக்கும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். "இரை இன்னும் இருக்கிறதே" என்று அதையே திரும்ப இறக்குவார்கள். உண்மையில் அது ஊமையாகிவிட்ட இரை. சதை இருக்கிறது, பேச்சு இல்லை. புதியவர்களின் கூடு இரண்டாம் நாளிலிருந்து காலியாக வருவதற்கு இதைவிடப் பொதுவான காரணம் இருக்காது என்பது என் எண்ணம்.

இதையொட்டி இன்னொரு தவறு. நாற்றம் அதிகமானால் தூரம் அதிகமாக அழைக்கும் என்று நினைத்து, கெட்டுப்போன மீனை வைப்பது. கடல் நத்தைகள் போலப் பிணம் தின்னும் உயிர்களுக்கு அது சரி. ஆக்டோபஸ் வேட்டைக்காரன். உயிருள்ள நண்டையும் மட்டியையும் பிடித்துத் தின்று பழகிய அதற்குப் புதிய இறைச்சியின் வாசம்தான் உணவின் வாசம். நாறிய மீன் கூட்டில் நத்தையையும் கடல் பேனையும்தான் நிறைக்கும்.

எப்படி வெட்டுகிறோம் என்பதும் ஒரு தேர்வு. துண்டாக வெட்டினால் வெட்டுவாய் அதிகம். வாசம் உடனே, பலமாக, கொஞ்ச நேரம் மட்டும் வரும். முழு மீனாக வைத்தால் மெதுவாக, பலவீனமாக, நீண்ட நேரம் வரும். நடுவழி, மீனை முழுசாக வைத்து இரு பக்கமும் கத்தியால் ஆழமாகக் கீறிவிடுவது. மத்தி, அயிலை போன்ற கொழுப்பு மீன்களின் சதை மென்மையானது. சீக்கிரம் கரைந்து சீக்கிரம் தீரும். உப்பிட்ட மீன் இறுகிவிடுவதால் அதிக நேரம் தாங்கும், ஆனால் பேச்சும் கொஞ்சம் மெதுவாகிவிடும். கணவாய்த் துண்டு நார்போல இருப்பதால் எளிதில் பிய்ந்து போகாது. மாலையில் இறக்கி விடியலில் தூக்குபவருக்குக் கீறிய புதிய மத்தி போதும். இரண்டு நாள் கழித்துத்தான் தூக்க முடியும் என்றால் அவருக்கு மத்தி பயன்படாது.

நேரத்தைப் பற்றிச் சொல்லும்போது இனத்தையும் பார்க்க வேண்டும். சாதாரண ஆக்டோபஸ் பெரும்பாலும் இரவில் இரை தேடும். இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் பவளப் பார்களில் வாழும் ஆக்டோபஸ் சயானியா பகலில் வேட்டையாடும். முன்னதற்குப் பொழுது சாயும் நேரத்தில் புதிய இரை இறங்க வேண்டும், பின்னதற்கு விடியற்காலையில். அது வேட்டைக்குக் கிளம்பும் மணியும் இரை உரக்கப் பேசும் மணியும் ஒன்றாக விழ வேண்டும்.

அருகில் வந்ததும் நம்பவைப்பது

கூடு கண்ணுக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டால் ஆக்டோபஸ் கண்ணை நம்பும். அதன் கண் கூர்மையானது, அசைவை உடனே கவனிக்கும். ஆனால் நிறம் தெரியாது. அதன் கண்ணில் ஒளியை உணரும் நிறமி ஒரே வகைதான். அதனால் இரைப் பையைச் சிவப்பாக்குவதா மஞ்சளாக்குவதா என்று கவலைப்பட வேண்டாம். பின்னணியிலிருந்து பளிச்சென்று வெளுப்பாகவோ கருப்பாகவோ தெரிந்தால் போதும்.

அசைவுக்கு எவ்வளவு பலம் என்பதற்கு மேற்கு ஆஸ்திரேலியா நல்ல எடுத்துக்காட்டு. அங்கே பயன்படுத்தும் ஒரு வகைக் கூட்டில் இரையே கிடையாது. பிளாஸ்டிக் நண்டு ஒன்றும் மினுக்கும் எல்இடி விளக்கும் இருக்கும். ஆக்டோபஸ் உள்ளே வந்து பிளாஸ்டிக் நண்டைப் பிடித்து இழுத்ததும் கதவு விழும். வாசமே இல்லாமல், கண்ணை மட்டும் ஏமாற்றிப் பிடிப்பது. ஆனால் இதைப் பார்த்துவிட்டுத் திறந்த வாய்க் கூட்டில் பிளாஸ்டிக் நண்டை வைத்தால் பலன் இருக்காது. அங்கே கதவு உடனே விழுந்துவிடுவதால்தான் அந்த ஏமாற்று செல்லுபடியாகிறது. தொட்ட பிறகு ஆக்டோபஸை ஏமாற்ற முடியாது.

ஏனென்றால் அது தொட்டே ருசி பார்க்கும். ஆக்டோபஸின் சுமார் 50 கோடி நரம்பணுக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கின்றன. நீரில் அவ்வளவாகக் கரையாத பொருள்களையும் தொட்ட மாத்திரத்தில் கண்டுகொள்ளும் உணரிகள் அதன் உறிஞ்சிகளில் இருப்பதை ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். பாறையை விடாமல் பற்றிக்கொள்ளும் ஆக்டோபஸ், ஒரு வாசனைச் செடியைக் காட்டினால் விட்டுவிடும் என்று 2,300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் எழுதி வைத்திருக்கிறார். இரையை எடுக்கும் கையில் டீசலோ எண்ணெயோ இருக்கக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இரைப் பெட்டியை இஞ்சின் பக்கத்தில் வைக்காதீர்கள்.

உள்ளேயே நிறுத்திவைப்பது

இரையின் மூன்றாவது வேலையைப் பலரும் யோசிப்பதே இல்லை. ஆக்டோபஸ் பிடித்த இரையை அங்கேயே தின்பதைவிடப் பொந்துக்குக் கொண்டுபோய்த் தின்னவே விரும்பும். அதன் அலகு நுழையும் ஓட்டை எதுவோ, அதன் வழியாக முழு உடம்பும் போய்விடும். வந்த வழியே திரும்பிப் போவது அதற்கு ஒரு வேலையே இல்லை. கூட்டின் வாய் பக்கத்தில் இரையைச் சும்மா போட்டு வைத்தால் என்ன ஆகும்? வெளியே இருந்தபடியே ஒரு கையை நீட்டி எடுத்துக்கொண்டு போய்விடும்.

ஆகவே இரை வாயிலிருந்து தள்ளி, வெளியிலிருந்து கை எட்டாத உள்முனையில், பிடுங்க முடியாதபடி கட்டப்பட்டிருக்க வேண்டும். அதைவிட நல்லது, சிறு துளைகள் போட்ட பிளாஸ்டிக் டப்பாவிலோ நெருக்கமான வலைப் பையிலோ வைப்பது. வாசம் வரும், ருசியும் கொஞ்சம் தெரியும், ஆனால் தீர்ந்துபோகாது. ஆக்டோபஸ் டப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டு உள்ளேயே இருக்கும். சின்ன மீன்களும் கடல் பேன்களும் இரையை அரித்துவிடாமலும் டப்பா காக்கும். மூடியை இறுக்கமாகத் திருகுங்கள். ஆக்டோபஸ் மூடி திறக்கும் என்பது கட்டுக்கதை இல்லை.

நண்டுக்குத் திரும்பினால்

இப்போது நண்டு ஏன் முதலிடத்தில் இருக்கிறது என்று புரியும். மூன்று வேலையையும் அது ஒன்றே செய்கிறது. அதன் சதையில் கிளைசின், பீட்டெய்ன் போன்ற நீரில் கரையும் பொருள்கள் நிறைய உண்டு. உயிரோடு இருந்தால் அசையும், ஓட்டை உடைத்துத் தின்ன நேரமும் எடுக்கும். இயற்கையில் ஆக்டோபஸின் முக்கிய உணவுகளில் நண்டும் ஒன்று. தெற்கு ஆஸ்திரேலியாவில் சிங்கி இறால் கூடுகளுக்குள் ஆக்டோபஸ் புகுந்து, அகப்பட்டிருக்கும் இறால்களைக் கொன்று தின்பது அங்குள்ள மீனவர்களின் தீராத தலைவலி. அவர்களுக்கு இழப்பு, நமக்குப் பாடம்: ஓட்டோடு அசையும் ஒன்று கூட்டில் இருந்தால் ஆக்டோபஸ் தேடி வரும்.

உயிர் நண்டைத் துளையிட்ட டப்பாவில் வைத்தால் பல நாள் தாங்கும். ஆனால் எனக்கு அதில் தயக்கம் உண்டு. உயிர் நண்டை இரையாக வைப்பதற்குச் சில இடங்களில் சட்டத் தடை இருக்கிறது, முதலில் அதை விசாரித்துக்கொள்ளுங்கள். சினை நண்டையும் குட்டி நண்டையும் இரையாக்குவது நாளைய நண்டை இன்றே தின்பது. அப்புறம், ஒரு கடலில் வாங்கிய உயிர் நண்டை இன்னொரு கடலுக்குக் கொண்டுபோகவே கூடாது. ஐரோப்பாவின் பச்சை நண்டு, புகுந்த இடங்களை நாசமாக்கும் உலகின் 100 மோசமான அந்நிய உயிரினங்கள் பட்டியலில் இருக்கிறது. மிஞ்சிய இரை என்று படகிலிருந்து வீசிய சில நண்டுகள் போதும். என் தேர்வு, கொன்று, ஓட்டை நசுக்கிய உள்ளூர் நண்டு. அசைவு போய்விடும், உண்மை. ஆனால் உடைந்த ஓட்டிலிருந்து வாசம் இன்னும் நன்றாக வரும், நண்டும் வதைபடாது.

நண்டு கிடைக்காதபோது மீனுக்குப் போகலாம். மீன் இரைக்கு ஒரு மறைமுக நன்மை உண்டு: அது சின்ன நண்டுகளைக் கூட்டுக்கு வரவழைக்கும், அந்த நண்டுகள் ஆக்டோபஸை வரவழைக்கும். தீமையும் உண்டு. அஞ்சாலை போன்ற விலாங்கு இனங்களும் மீன் வாசத்துக்கு வரும்; அஞ்சாலை ஆக்டோபஸைத் தின்னும் எதிரி. தூக்கும் கூட்டில் அடிக்கடி அஞ்சாலை வந்தால், இரையில் மீனைக் குறைத்து நண்டையோ மட்டியையோ கூட்டிப் பாருங்கள்.

உங்கள் கடலில் ஆக்டோபஸ் எதைத் தின்கிறது என்று அதுவே எழுதி வைத்திருக்கும். அதன் பொந்து வாசலில் தின்று வீசிய ஓடுகள் குவிந்து கிடக்கும். நண்டு ஓடா, மட்டியா, சங்கா, துளையிட்ட சிப்பியா என்று பார்த்தால் அந்தத் தரையின் வழக்கம் தெரியும். ஒன்று மட்டும் கவனம்: ஓடு மட்டும்தான் குப்பையில் மிஞ்சும். மீனும் இறாலும் தின்றிருந்தால் தடயம் இருக்காது.

சோதித்துப் பார்க்கும் முறை

இரையை ஒப்பிடும்போது பலர் ஒரு வரிசையில் முழுக்க நண்டும் அடுத்த வரிசையில் முழுக்க மீனும் வைத்து எண்ணிப் பார்ப்பார்கள். அதில் தெரிவது எந்தத் தரை நல்லது என்பதுதான். இரையைப் பற்றி எதுவும் தெரியாது. ஒரே கயிற்றில் மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும்: நண்டு, மீன், வெறுங்கூடு, மறுபடி நண்டு, மீன், வெறுங்கூடு. வெறுங்கூட்டை விட்டுவிடாதீர்கள். அதிலும் சமமாக விழுந்தால் உங்கள் தரையில் கூடு பொந்தாகத்தான் வேலை செய்கிறது, இரைக்காசு மிச்சம். ஒரு நாள் கணக்கை நம்ப வேண்டாம். பத்துப் பதினைந்து தடவை தூக்கிய கணக்கு வேண்டும். எண்ணிக்கையோடு எடையையும், நீவாட்டின் திசையையும், கூடு எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரை பெரியதையும் சிறியதையும் பிரித்து அழைக்காது. போர்ச்சுகலில் 750 கிராமுக்குக் குறைந்த ஆக்டோபஸைக் கரைக்குக் கொண்டுவரக் கூடாது. இப்படி எடை வரம்பு இல்லாத இடத்திலும் குட்டிகளை உடனே தண்ணீரில் விட்டுவிடலாம். கூட்டில் வந்தவற்றுக்குக் காயம் இருக்காது, பிழைத்துக்கொள்ளும்.

கடைசியாக, தொலைந்த கூடு. கயிறு அறுந்து கடலடியில் தங்கிவிட்ட கூட்டில் நாம் வைத்த இரை சில நாளில் தீர்ந்துவிடும். ஆனால் உள்ளே அகப்பட்டுச் சாகும் நண்டும் மீனும் அடுத்த இரையாகும், அதைத் தேடி வருவது அதற்கடுத்த இரையாகும். யாருக்கும் பயன்படாமல் அந்தக் கூடு பிடித்துக்கொண்டே இருக்கும். கூட்டின் ஒரு பக்கத்தை மட்டும் நைலானுக்குப் பதிலாகப் பருத்தி நூலால் கட்டுங்கள். கடல் தண்ணீரில் நூல் இற்றுப்போனதும் அந்தப் பக்கம் தானாகத் திறந்துகொள்ளும்.